ஒரே அலுவலகத்தில் இரண்டு எஸ். செல்வகுமார்: எப்படிப் பிரிப்பது?

சாங்கி_நிர்வாகி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் சாங்கி பிஸ்னஸ் பார்க்கில் 45 பேர் உள்ள அலுவலகம், நிர்வாக வேலை நான் பார்க்கிறேன். எங்களிடம் இரண்டு செல்வகுமார் இருக்காங்க (உண்மைப் பெயர் வேறு, சிக்கல் இதேதான்). ஒருவர் சிங்கப்பூரர், கணக்குப் பிரிவு, பல வருஷமா இருக்கார். ஐசியில் (அடையாள அட்டை) "செல்வகுமார் எஸ்/ஓ சுப்பிரமணியம்", அதாவது சுப்பிரமணியத்தின் மகன். அடுத்தவர் தமிழ்நாட்டிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வந்து மூணு மாசம் ஆகுது, கொள்முதல் பிரிவு. பாஸ்போர்ட்டில் "செல்வகுமார் சேதுராமன்". ஆக ரெண்டு பேருமே எஸ். செல்வகுமார். மின்னஞ்சலில் முதலாமவருக்கு வெறும் "செல்வகுமார்", அடுத்தவருக்கு "செல்வகுமார்2".

இதனால நடந்த கூத்துகளைக் கேளுங்க. கேக்கில் பெயர் எழுதி, மெழுகுவர்த்தி ஏத்தி, எல்லாரும் பாடி முடிச்ச பிறகு கணக்கு செல்வகுமார் "எனக்குப் பிறந்தநாள் நவம்பர்லங்க" என்றார். சைவச் சாப்பாடு சொன்னவர் மேசையில் ஆட்டுக்கறி பிரியாணி, பிரியாணி சொன்னவர் கையில் தயிர்சாதம். பெரிய முதலாளி பாராட்டி எழுதின கடிதம் வேலை செஞ்சவருக்குப் போகாமல் மற்றவருக்குப் போச்சு, அவரும் நன்றி சொல்லிப் பதில் போட்டுட்டார். இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே சரிபண்ணினோம். போன வாரம் ஒருவரோட சம்பளச் சீட்டு மற்றவருக்குப் போயிடுச்சு. அதோட சிரிப்பு நின்னுபோச்சு.

மின்னஞ்சலை எப்படி அமைக்கணும், ஆட்களை எப்படிக் கூப்பிடணும், சம்பளக் கணக்கில் எங்கெல்லாம் பார்க்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அஞ்சல்பெட்டி

முதல்ல அந்த "2"வை எடுங்க. குழப்பம் ஊறி வர்ற இடமே அதுதான். வெளியாள் யாரும் எண்ணை ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க. 2-ஐ விட்டுட்டு அனுப்பினா அஞ்சல் திரும்பி வராது, இன்னொரு உயிருள்ள பெட்டியில போய் உட்கார்ந்துடும். தப்பான முகவரின்னு திரும்பி வந்திருந்தா அனுப்பினவருக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். இப்ப யாருக்கும் தெரியாம நாலு நாள் ஓடுது.

ரெண்டு பேருக்குமே அப்பா பெயர் முழுசா வர்ற மாதிரி முகவரி கொடுங்க: செல்வகுமார் புள்ளி சுப்பிரமணியம், செல்வகுமார் புள்ளி சேதுராமன். ஒருத்தருக்கு மட்டும் மாத்தினா மறுபடியும் ஒருத்தர் "அசல்", ஒருத்தர் "நகல்" ஆயிடுவார். இதுல உங்க ஐடி ஆள் ஒரு இடத்துல முட்டிக்குவார்: விண்டோஸ் டொமைன்ல (அலுவலகக் கணினிகளைச் சேர்த்து நிர்வகிக்கிற அமைப்பு) பழைய பாணி லாகின் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். ஆங்கிலத்துல எண்ணிப் பாருங்க, புள்ளியோட சேர்த்து முதலாமவருக்கு 22, அடுத்தவருக்கு 21. ரெண்டுமே அடங்காது. அதனால லாகின் பெயரை ஊழியர் எண்ணா வச்சுட்டு, மின்னஞ்சல் முகவரியை மட்டும் நீளமா விடச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம்: புதியவரோட கணக்கை அழிச்சுட்டுப் புதுசா உருவாக்க விடாதீங்க. இருக்கிற கணக்கையே பெயர் மாத்தணும். அலுவலகத்துக்குள்ள அவுட்லுக் நினைவுல வச்சிருக்கிறது நீங்க பார்க்கிற முகவரியை இல்லை, எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டோட அஞ்சல் சர்வர்) உள்ளுக்குள்ள கொடுக்கிற நீளமான எக்ஸ்500 முகவரியை. கணக்கை அழிச்சா அது செத்துப்போகும். அப்புறம் பழைய ஆட்கள் அவர் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்புற ஒவ்வொரு அஞ்சலும் 5.1.1 பிழையோட (அப்படி ஒரு பெட்டி இல்லைன்னு அர்த்தம்) திரும்பி வரும், முகவரி சரியா இருந்தாலும். அழிச்சே ஆகணும்னா பழைய எக்ஸ்500 முகவரியைப் புதுக் கணக்குல கூடுதல் முகவரியா சேர்க்கணும். "செல்வகுமார்2" முகவரி அவருக்கே மாற்று முகவரியா இருந்துட்டுப் போகட்டும், அதனால கெடுதல் இல்லை.

அடுத்து, திரையில தெரியிற பெயர். ரெண்டு பேருக்கு ஒரே காட்சிப்பெயர் இருந்தா எக்ஸ்சேஞ்ச் தடுக்காது, அதனாலதான் யாருமே இதைக் கவனிக்கிறதில்ல. பெரும்பாலான இடங்கள்ல பெயருக்குக் கடைசியில அடைப்புக்குறி போட்டுப் பிரிவைச் சேர்ப்பாங்க. கைபேசியில திறந்து பாருங்க: "செல்வகுமார் எஸ்/ஓ சுப்..." அதோட வரி முடிஞ்சுடும். வித்தியாசம் காட்டுற பகுதிதான் வெட்டுப்படுது! பிரிக்கிற சொல் முதல் 15 எழுத்துக்குள்ள வரணும். படமும் போடச் சொல்லுங்க. ரெண்டு பேருமே படம் போடாம இருந்தா டீம்ஸ்ல ஒரே மாதிரி வட்டத்துக்குள்ள ஒரே ரெண்டு எழுத்துதான் தெரியும், தப்பு நடக்காம என்ன செய்யும்.

இவ்வளவும் செஞ்ச பிறகும் ஒரு மாசத்துக்குத் தப்பு தொடரும். காரணம், ஒவ்வொருத்தர் கணினியிலயும் இருக்கிற தானாக நிரப்பும் பட்டியல். பழைய அவுட்லுக்ல அது 1000 பெயர் வரைக்கும் வச்சிருக்கும், அடிக்கடி அனுப்பின பெயரை மேல தூக்கிக் காட்டும். கணக்குப் பிரிவுக்கு வருஷக்கணக்கா அனுப்பினவர் "செல்" அடிச்சதும் முதலாமவர்தான் வருவார், என்டர் தட்டினா முடிஞ்சது. எல்லாருக்கும் இதை அனுப்புங்க: பெறுநர் கட்டத்துல பெயரோட முதல் எழுத்துகளை அடிக்கணும், கீழே இறங்குற பட்டியல்ல ரெண்டு செல்வகுமார் பக்கத்துலயும் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி நீக்கணும், அப்புறம் நிறுவன முகவரிப் புத்தகத்துலேர்ந்து ஒரு தடவை சரியாத் தேர்ந்தெடுக்கணும். மொத்தப் பட்டியலையும் துடைக்கணும்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், அதுல "சென்ட் மெசேஜஸ்" பகுதியில காலிசெய்யும் பொத்தான் இருக்கு. ஆனா 1000 பெயரும் போயிடும், சண்டைக்கு வருவாங்க. ரெண்டு பெயரை மட்டும் நீக்கினாப் போதும்.

கணக்கு, மனிதவளம் ரெண்டு பிரிவுக்கும் அனுப்பும் அஞ்சலைத் தாமதிக்கிற விதி போட்டுக் கொடுங்க. அவுட்லுக்ல 120 நிமிஷம் வரைக்கும் வைக்கலாம், 2 நிமிஷமே போதும். ஜிமெயில் வச்சிருக்கிறவங்களுக்கு அமைப்புகள்ல 5, 10, 20, 30 விநாடின்னு இருக்கும், 30 வச்சுக்குங்க. அனுப்பினதைத் திரும்ப அழைக்கிற வசதியை நம்பாதீங்க, அது சொந்த நிறுவனத்துக்குள்ள மட்டும்தான். வெளியே போனது போனதுதான். வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அழிக்க ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல நேரம் இருக்கு, ஆனா அழிச்ச தடம் அங்கேயே நிக்கும்.

பெயர்ச்சொல்

அஞ்சல்பெட்டி சொன்ன "பிரிக்கும் சொல்" என்ன என்பதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இருவருக்கும் எஸ். தமிழில் எழுதிப் பாருங்கள்: சு. செல்வகுமார், சே. செல்வகுமார். குழப்பமே இல்லை. ஆங்கிலத்தின் ஒற்றை எஸ் எழுத்துக்குள் ச, சா, சி, சு, செ, சே, சோ, ஸ்ரீ, ஷ என்று ஒரு தெருவே அடைபட்டுக் கிடக்கிறது. தமிழ் முன்னெழுத்து உயிர்மெய்யாக இருப்பதால் உயிரொலியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதே வழியைப் பின்பற்றலாம்: ஒருவருக்கு எஸ், யூ என இரண்டு எழுத்து, மற்றவருக்கு எஸ், இ. காட்சிப்பெயரின் முதலிலேயே இது வந்துவிடும், கைபேசியில் வெட்டுப்படாது, பிரிவு மாறினாலும் பழசாகாது. கணக்கு, கொள்முதல் என்று ஒட்டினால் அடுத்த ஆண்டு ஒருவர் இடம் மாறும்போது மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

கூப்பிடும் பெயருக்கு இன்னும் எளிய வழி உண்டு. செல்வகுமார் இரண்டாகப் பிரியும் பெயர். ஒருவர் செல்வா, ஒருவர் குமார். யார் எது என்பதை நிர்வாகம் முடிவுசெய்யக் கூடாது, அவர்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் வீட்டிலேயே ஒரு கூப்பிடு பெயர் இருக்கும். பெரிய செல்வா, சின்ன செல்வா வேண்டாம். வீட்டில் அது வயது, அலுவலகத்தில் அது பதவியாகக் காதில் விழும். உயரம், நிறம், உடல்வாகு பக்கமே போகாதீர்கள். "சிங்கப்பூர் செல்வா, இந்தியா செல்வா" என்பது விளையாட்டாகத் தொடங்கி ஒருவரை நிரந்தர விருந்தாளி ஆக்கிவிடும். அது உண்மையாகவே வலிக்கும்.

குடும்பப் பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும், சிங்கப்பூரில் பாதிச் சிரிப்பு அதிலிருந்துதான் வருகிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். ஆனால் கணினிப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்க முடியாது. பாஸ்போர்ட்டில் சேதுராமன் அந்த இடத்தில் அச்சாகியிருப்பதால் வெளிநாட்டு விற்பனையாளர் "அன்புள்ள திரு. சேதுராமன்" என்று தொடங்குவார். கூட்டத்துக்கு அழைக்கப்படுவது அப்பா. சீன நண்பர்கள் பெயரில் முதல் சொல்தான் குடும்பப் பெயர் என்பதால் அவர்களில் சிலர் செல்வகுமாரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். அதே ஆள் ஒரு பட்டியலில் ச வரிசையில் ஓரிடத்திலும் இன்னொன்றில் வேறிடத்திலும் நிற்பது இதனால்தான்.

எஸ்/ஓ இன்னொரு வகைத் தொல்லை. பல மென்பொருள்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. கோட்டை மட்டும் விழுங்கிவிட்டு "எஸ்ஓ" என்று ஒட்டும், அதைப் பார்க்கிறவர் "சோ" என்று படித்து "திரு. சோ" ஆக்கிவிடுவார். மலேசியத் தமிழர்களின் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) குறிகளுக்கும் இதே கதிதான். ஊழியர் பதிவில் சட்டப்பூர்வப் பெயரை ஐசியிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடி ஒரு கட்டத்திலும், கூப்பிடும் பெயரைத் தனிக் கட்டத்திலும் வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதை மென்பொருள் தானாகச் செதுக்கி எடுக்க விடாதீர்கள்.

எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். தமிழில் ஒரே இளங்கோ ஆங்கிலத்தில் இ எழுத்திலும் தொடங்கலாம், ஐ எழுத்திலும் தொடங்கலாம். சிவகுமாரிலும் ஹெச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தேடும்போது ஒருவர் மட்டுமே வருவார், "இவர்தான் போல" என்று அனுப்பிவிடுவார்கள். பட்டியலில் இருவரும் அடுத்தடுத்து வந்தாலாவது கண் நின்று பார்க்கும்.

சம்பளச்சீட்டு

சம்பளச் சீட்டு மாறிப்போன விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பியவரின் கவனக்குறைவு என்று முடிவுகட்டும் முன் கோப்பின் பெயரைப் பாருங்கள். சீட்டைத் தயாரிக்கும் நிரல் ஊழியர் பெயரையே கோப்புப் பெயராக வைத்தால் இரண்டு விபத்துகள் நடக்கும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் இரண்டாவது கோப்பு முதல் கோப்பின் மேல் எழுதிவிடும், இருவருக்கும் ஒருவரின் சீட்டே போகும். எஸ்/ஓ உள்ள பெயரானால் விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டுக்கு இடமில்லை. நிரலைப் பொறுத்து அது பிழை காட்டும், அல்லது கோட்டுக்கு முன்னால் உள்ளதை மட்டும் கோப்புறைப் பெயராக எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயர் ஊழியர் எண், ஆண்டு, மாதம் என்று மட்டும் இருக்கட்டும்.

அடுத்த இடம் எக்செல். மேலதிக நேரம், படித்தொகை, செலவுக் கோரிக்கை எல்லாம் தனித்தனித் தாளில் வந்து பெயரை வைத்துச் சேர்க்கப்படுகின்றன. வி-லுக்கப் சூத்திரம் பட்டியலில் முதலில் கண்ட பெயரை எடுத்துக்கொண்டு நின்றுவிடும், துல்லியப் பொருத்தம் கேட்டாலும் அப்படித்தான். விளைவு, இரண்டு செல்வகுமாருக்கும் மேலே இருப்பவரின் மேலதிக நேரம். சம்-இஃப் இதற்கு நேர்மாறு: இருவரின் மணி நேரத்தையும் கூட்டி இருவருக்குமே முழுத் தொகையைப் போட்டுவிடும். ஒருவருக்குக் குறைந்தால் அவர் வந்து கேட்பார். இருவருக்கும் கூடினால் சில மாதங்கள் யாரும் வாய் திறக்காமல் இருக்கக்கூடும், பிறகு திரும்பப் பிடிப்பது பெரிய மனவருத்தம்.

சரிசெய்யும் முறை இது. எல்லாத் தாளிலும் முதல் பத்தி ஊழியர் எண். எண் சுழியத்தில் தொடங்கினால் அந்தப் பத்தியை முன்கூட்டியே உரை வடிவத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் 00123 என்பது 123 ஆகிப் பொருந்தாமல் போகும். பிறகு பெயர்ப் பத்திக்குப் பக்கத்தில் கவுண்ட்-இஃப் (ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரம்) போட்டு ஒன்றுக்கு மேல் வரும் பெயர்களுக்கு நிறம் கொடுங்கள். 45 பேரில் நீங்கள் கவனிக்காத இன்னொரு ஜோடி இருக்கலாம்.

வங்கி பெயரைப் பார்த்துத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் அனுப்பும் ஃபாஸ்ட் பரிமாற்றம் கணக்கு எண்ணைப் பார்த்தே போகிறது. கைபேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் பேநவ் உறுதிசெய்வதற்கு முன் பெறுபவர் பெயரைக் காட்டும், நல்ல பாதுகாப்புதான், ஆனால் இருவருக்கும் ஒரே பெயர் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை இன்னொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் ஜோடியில் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. ஒருவர் சிங்கப்பூரர், மசேநி (மத்திய சேம நிதி) உண்டு. மற்றவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ், மசேநி கிடையாது. பாஸில் இருப்பவரின் சீட்டில் மசேநிப் பிடித்தம் தெரிந்தால், அல்லது சிங்கப்பூரரின் சீட்டில் அது காணாமல் போனால், ஆள் மாறியிருக்கிறார் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். 55 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஊழியரின் முழுப் பங்கு 20 விழுக்காடு, கண்ணில் படாமல் போகாது. சம்பளம் போவதற்கு முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள். மசேநி செலுத்த அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம் இருப்பதால், அதற்குள் பிடித்தால் திருத்துவது எளிது.

மருத்துவ விடுப்பில் தவறு நடந்தால் அடிபடுவது புதியவர். மூன்று மாதம் முடித்தவருக்குச் சட்டப்படி வெளிநோயாளி விடுப்பு 5 நாள்தான், ஆறு மாதம் ஆனால்தான் 14. கணக்குக்காரரின் 2 நாள் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) அவர் பெயரில் பதிவானால் பாதிக்குக் கிட்டப் போய்விடும். எம்சியை வாங்கும்போதே அதன் மேல் ஊழியர் எண்ணை எழுதிவிடுங்கள்.

சீட்டு அலுவலகத்துக்குள்ளேயே தவறிப் போனதால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கும் கட்டாயம் வராது. இருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, பெற்றவர் அழித்துவிட்டதை எழுத்தில் வாங்கி வையுங்கள். வெளி நிறுவனத்தில் உள்ள இன்னொரு செல்வகுமாருக்குப் போயிருந்தால் நிலைமை வேறு: முழுப் பெயரோடு சம்பளத் தொகை வெளியானால், ஒரே ஒருவருடையது என்றாலும், அறிவிக்க வேண்டிய கசிவாகலாம். அறிவிக்க வேண்டியதுதான் என்று மதிப்பிட்டபின் 3 நாள். 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால்தான் அறிவிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டுச் சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், அது தனி விதி. சீட்டுக்குக் கடவுச்சொல் போடுங்கள், ஆனால் ஐசி எண்ணைக் கடவுச்சொல் ஆக்காதீர்கள். அது ஆளை அடையாளம் காட்டும் எண், பூட்டு ஆகாது.

துவாஸ்_பாதுகாப்பு

அலுவலகத்துல கேக் மாறினா சாப்பிட்டுடலாம். யார்டு, கட்டுமானத் தளத்துல ஒரே பெயர்னா உயிர் விஷயம். கேள்வி கேட்டவருக்கு இது நேரடியாப் பொருந்தாது, தளத்துல இருக்கிறவங்க இந்த இழையைப் படிப்பாங்கன்னு எழுதுறேன். ஒரே ஊர்ப்பக்கத்துலேர்ந்து ஆள் வர்றதால ஒரு குழுவுல மூணு மணிகண்டன் இருக்கிறது சாதாரணம்.

பூட்டி அட்டை மாட்டுற வேலை: மின்சாரத்தையோ வால்வையோ அடைச்சுட்டு மாட்டுற அட்டையில பெயர் மட்டும் எழுதாதீங்க. "மணிகண்டன் வேலையை முடிச்சுட்டார்"னு ஒருத்தர் சொல்ல, இன்னொரு மணிகண்டன் உள்ளே கையை விட்டுக்கிட்டு இருப்பார். அட்டையில படம், நிறுவனம், ஊழியர் எண், கைபேசி எண் நாலும் வேணும். மாட்டினவரே தன் சாவியால கழட்டணும், யார் சொன்னாலும் அடுத்தவர் கழட்டக் கூடாது.

பளு தூக்குறப்ப வாக்கிடாக்கியில பெயர் சொல்லிக் கூப்பிடுறதை நிறுத்துங்க. "மணி, இறக்கு"ன்னு ஒரு குரல் வந்தா ரெண்டு மணியும் இறக்குவாங்க. கிரேன் 1, கிரேன் 2, சிக்னல் 1னு அழைப்புப் பெயர் வச்சு, காலையில டூல்பாக்ஸ் கூட்டத்துல (வேலைக்கு முன்னாடி நடக்கிற பாதுகாப்புக் கூட்டம்) ஒரு தடவை எல்லாரையும் சொல்ல வச்சுடுங்க. அடைபட்ட இடத்துக்குள்ள போறவங்க பதிவுலயும் பெயரோட பாஸ் எண் வேணும். வெளியே வந்தவரை எண்ணும்போது பெயரைப் பார்த்துக் கோடு போட்டா உள்ளே இருக்கிறவரையும் சேர்த்து அடிச்சுடுவாங்க. ஹெல்மெட் ஸ்டிக்கர்ல எண்ணைப் பெருசாவும் பெயரைச் சிறுசாவும் போடுங்க, பத்து மீட்டர் தள்ளி நின்னாலும் படிக்க முடியணும்.

வரவேற்பறை_மேசை

சாப்பாட்டுக்கு மட்டும் சொல்றேன். செயலியில பெயர் கட்டத்துல "குமார், கொள்முதல்"னு அவங்களே மாத்தி வச்சுக்கலாம், ஐசிப் பெயர் அங்கே தேவையில்லை. கொண்டுவர்றவர் பெயர் சொல்லிக் கேட்டா ஆர்டர் எண்ணோட கடைசி எழுத்துகளைச் சொல்லச் சொல்லுங்க. மொத்தமா ஆர்டர் பண்ற நாள்ல பொட்டலத்து மூடியில பெயர் எழுதாதீங்க, உள்ளே என்ன இருக்குன்னு எழுதுங்க: சைவம், ஆடு, கோழி. சைவக்காரர் பொட்டலத்தைத் திறக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சுடலாம். தொலைபேசியில "செல்வகுமார் இருக்காரா?"ன்னு கேட்டா "எந்த செல்வகுமார்?"னு கேட்காதீங்க, அவங்களுக்கு ரெண்டு பேர் இருக்கிறதே தெரியாது. "பணம் சம்பந்தமா பேசணுமா, பொருள் சம்பந்தமா?"ன்னு கேட்டா ஒரே பதில்ல முடிஞ்சுடும்.

சாங்கி_நிர்வாகி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சு., சே. ரெண்டு பேருக்குமே பிடிச்சிருக்கு. புதியவரை வீட்டிலேயே குமார்னுதான் கூப்பிடுவாங்களாம், அதனால செல்வா யாருங்கிறதும் தானா முடிஞ்சுடுச்சு. சம்பளச்சீட்டு அக்கா சொன்னது சரிதான், கோப்புப் பெயர்தான் காரணம். கவுண்ட்-இஃப் போட்டதில் இரண்டு நூருல்ஹுதாவும் கிடைச்சாங்க!

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. செல்வா பழைய முகவரியை விடத் தயங்குறார். வங்கி, தணிக்கையாளர், அரசாங்க இணையதளங்கள் எல்லாத்திலும் அதுதான் இருக்கு. அவர் பக்கம் நியாயம் இருக்கு. என்ன செய்யலாம்?

அஞ்சல்பெட்டி

அவர் பயம் சரிதான், ஒரே நாள்ல பிடுங்கினா வேலை நின்னுபோகும். 90 நாள் எடுத்துக்குங்க.

முதல் நாள் புது முகவரியை முதன்மையாக்கி, பழையதை மாற்று முகவரியா அவர்கிட்டயே விடுங்க. அவர் அனுப்புறதெல்லாம் புதுசுலேர்ந்து போகும், பதில் போடுறவங்க கணினியெல்லாம் தானா கத்துக்கும். பழைய முகவரிக்கு வர்றது மட்டும் தனிக் கோப்புறைக்குப் போற மாதிரி விதி போடுங்க. அதுல குமாருக்கு உரியது வந்தா ஒரே அழுத்தலில் முன்னனுப்பி, அனுப்பினவருக்கும் நகல் போட்டுச் சரியான முகவரியைக் காட்டுற மாதிரி அவுட்லுக்ல விரைவுப் படி (குவிக் ஸ்டெப்) ஒண்ணு செஞ்சு கொடுங்க.

அப்புறம் அவரோட உட்கார்ந்து அந்த முகவரி உள்நுழைவுப் பெயராவோ கடவுச்சொல் மீட்கும் முகவரியாவோ இருக்கிற இடங்களைப் பட்டியல் போடுங்க. வங்கி இணையச் சேவை, மென்பொருள் உரிமங்கள், விற்பனையாளர் தளங்கள். அதைத்தான் முதல்ல மாத்தணும், ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) அங்கேதான் வரும். காப்பாஸ் (நிறுவனங்கள் அரசாங்கத் தளங்களுக்குள்ள போற கணக்கு) சிங்பாஸ் (தனிநபர் கணக்கு) வழியாத் திறக்கிறதால உள்ளே போறது நிக்காது, ஆனா அறிவிப்பு வர்ற முகவரியை உள்ளே போய் மாத்தணும், மறந்துடாதீங்க. செய்திமடல், கடை விளம்பரம் எல்லாம் கடைசி.

90வது நாள் அந்தக் கோப்புறையைத் திறந்து எண்ணுங்க. வாரத்துக்கு அஞ்சாறுதான் வருதுன்னா பழைய முகவரியை அவர்கிட்டேர்ந்து எடுத்துப் பொதுப் பெட்டியாக்கி, "இந்த முகவரி இப்போது இல்லை, கணக்குக்கு இது, கொள்முதலுக்கு இது"ன்னு ரெண்டு முகவரியோட பதில் போற மாதிரி வைங்க. விடுமுறைக்கு வைக்கிற தானியங்கிப் பதிலைப் பயன்படுத்தாதீங்க, அது ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் போகும். சர்வர் விதியில வார்ப்புப் பதிலா வச்சாத்தான் ஒவ்வொரு தடவையும் போகும். தானியங்கி அஞ்சலுக்குப் பதில் போடாத மாதிரி விலக்கும் சேர்க்கணும், இல்லைன்னா ரெண்டு இயந்திரம் ராத்திரி முழுக்கப் பேசிக்கிட்டு இருக்கும். பெட்டியை வாரம் ஒரு தடவை நீங்களே பாருங்க.

ரெண்டு நூருல்ஹுதாவுக்கும் இதே வேலையை இப்பவே செஞ்சுடுங்க. வெறும் "செல்வகுமார்" முகவரியை, நாளைக்கு மூணாவதா ஒரு செல்வகுமார் வேலைக்கு வந்து கேட்டாலும் கொடுத்துடாதீங்க.